வீடு கட்டுவோர் கேள்வி–பதில்: ஷீட் கூரை டியூபைச் சுவரில் பிடிப்பது எப்படி?

கேள்வி: கஜா புயலில் (2018) எங்கள் கூரை போய்விட்டது. இப்போது 9 அங்குலச் செங்கல் சுவரின் மேல், 12 அடி அகலத்துக்கு, 4 அடிக்கு ஒன்றாக 4×2 அங்குல இரும்பு டியூப் போட்டு ஷீட் வேயப்போகிறோம். சுவர் ஜன்னல் மட்டம் வந்திருக்கிறது. டியூப் முனையைச் சுவருக்குள் 4 அங்குலம் விட்டுக் கலவையால் அடைக்கலாம் என்கிறார் கொத்தனார். மேல் வரிச் செங்கல்லில் ஆங்கர் போல்ட் அடித்தால் போதும் என்கிறார் வெல்டர். எது சரி?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இரண்டும் வேண்டாம். ஷீட்டும் டியூபும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 10 கிலோகூட வராது. நொடிக்கு 50 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தமோ சுமார் 150 கிலோ. சரிவு குறைந்த கூரையை அது மேல்நோக்கித்தான் உறிஞ்சும். 120 கிலோ என்று வைத்தாலே டியூபின் ஒவ்வொரு முனையையும் 270 கிலோ இழுக்கும். அடைத்த முனையின் மேல் இருப்பது இரண்டு மூன்று வரிக் கல்தான். ஆங்கர் போல்ட் விரியும்போது செங்கல் பிளக்கும். பிளக்காவிட்டாலும் பிடி அந்த ஒரு கல்லோடு சரி.

சுவர் உச்சியில் சுற்றிலும் 9×6 அங்குலக் கான்கிரீட் பெல்ட் போடுங்கள். 10 மி.மீ. கம்பி நான்கு, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), 1:1½:3 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி). பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: மீட்டர் நீளப் பெல்ட் 85 கிலோ, அதே நீளத்தில் காற்று இழுப்பது 220 கிலோ. பெல்ட்டோடு சேர்ந்தே கூரை எழும்பும். அதனால் லிண்டலையும் (ஜன்னல், கதவுக்கு மேல் வரும் கான்கிரீட்) சுற்றுப் பெல்ட்டாக ஓட்டி, மூலைகளிலும் 4 அடிக்கு ஒன்றாகவும் 12 மி.மீ. கம்பியை அதில் நட்டு மேல் பெல்ட்டில் மடக்கிக் கட்டுங்கள். கம்பியைச் சுற்றி 4 அங்குலச் சந்து விட்டுக் கல் அடுக்கி, நாலு வரிக்கு ஒருமுறை சிப்ஸ் (பொடி ஜல்லி) கான்கிரீட் நிரப்பிக் குத்த வேண்டும். இடையிலுள்ள 3 அடிச் சுவர் மீட்டருக்கு 400 கிலோ. அந்த எடை இப்போது உங்கள் பக்கம்.

டியூப் வரும் இடங்களில் 12 மி.மீ. ஜே போல்ட் இரண்டிரண்டு, கொக்கி அடிக்கம்பிக்குக் கீழே இருக்கும்படி கான்கிரீட்டுக்கு முன்பே கட்டிவிடுங்கள். கான்கிரீட் போடும்போது நகராதிருக்கத் துளையிட்ட பலகையில் மாட்டி வையுங்கள். மேலே 6×6 அங்குல, 8 மி.மீ. பிளேட். அதில் வெல்டிங் செய்த ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) டியூபை போல்ட் போடவும். 7 நாள் தண்ணீர் காட்டிய பிறகே டியூப் ஏற்றலாம்.

கேள்வி: நாங்கள் டியூபைப் புதைத்தே கட்டிவிட்டோம். பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முடியும். உள்பக்கம், டியூபை ஒட்டி 50×50×6 மி.மீ. ஆங்கிளை நெட்டாக 3 அடி இறக்குங்கள். ஒரு முகத்தை டியூபின் பக்கவாட்டில் வெல்டிங் செய்து, மறுமுகத்தைச் சுவரைத் துளைத்து மூன்று 12 மி.மீ. போல்ட்டால், வெளியே 4×4 அங்குலப் பிளேட் வைத்து முடுக்குங்கள். ஜி.ஐ. டியூபானால் வெல்டிங்கில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். கடற்காற்றில் துரு அங்கேதான் தொடங்கும். கசடைத் தேய்த்து எடுத்து ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள்.