ரியூப் லைட் நெளியாமல் ஓட வேண்டும்: சொகுசு கூப்பே கொன்செப்ட் கார்கள் பற்றிய கேள்வி பதில்

வெளிநாட்டு ஸ்டூடியோ ஒன்றில் பதினொரு வருடம் கார்களின் மாதிரி உருவங்களைக் களிமண்ணில் செய்திருக்கிறேன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். லெக்சஸ் எல்எஃப்-எல்சி, கடிலாக் எல்மிராஜ் போன்ற சொகுசு கூப்பே கொன்செப்ட் கார்களின் (புது யோசனையைக் காட்டக் கண்காட்சிக்கென்று செய்யும் கார்களின்) படங்களைக் காட்டி, இவற்றின் வடிவமைப்புப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உயர்தர மாணவி, வெள்ளவத்தை: கூப்பே என்பதா, கூப் என்பதா? இரண்டு கதவு இருந்தாலே அது கூப்பேதானா அண்ணா?

இரண்டு உச்சரிப்பும் சரி தங்கச்சி. பிரெஞ்சில் கூப்பே என்றால் வெட்டியது என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், பெரிய மூடுவண்டியின் முன்பக்க இருக்கை வரிசையை வெட்டி எடுத்துவிட்டுக் குட்டையாகச் செய்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. அமெரிக்கர்கள் கூப் என்பார்கள்.

கதவு எண்ணிக்கையை வைத்து நான் முடிவு செய்வதில்லை. கூரையைப் பாருங்கள். ஓட்டுநரின் தலைக்கு மேல் உச்சியைத் தொட்டு, அங்கிருந்தே பின்னோக்கி இறங்கத் தொடங்கினால் அது கூப்பே. பின் சீட்டில் இருப்பவரின் தலைக்கு இடம் குறையும் என்று தெரிந்தேதான் அந்தக் கோட்டை வரைகிறார்கள்.

வங்கி ஊழியர், கொட்டாஞ்சேனை: கண்காட்சியில் வைக்கும் கார் கண்ணைப் பறிக்கிறது. அதே கார் விற்பனைக்கு வரும்போது சப்பென்று போய்விடுகிறதே, ஏன்?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கண்காட்சிக் கார் பல கடமைகளிலிருந்து தப்பித்த கார். மோதலில் நசுங்கிக் கொடுக்க வேண்டிய முன்பகுதி அதற்குத் தேவையில்லை. கண்ணாடி கீழே இறங்க வேண்டியதில்லை. டயரின் வெட்டுகளைக்கூடச் சில நேரம் கையால்தான் செதுக்குவார்கள். பல கார்கள் ஒரு சிறிய மோட்டாரில் நடை வேகத்தில் மேடைக்கு ஏறி இறங்கும், அவ்வளவுதான். விற்பனைக் கார் அப்படித் தப்ப முடியாது. ஐக்கிய நாடுகள் விதிப்படி லோ பீம் விளக்கு தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. பாதசாரி ஒருவரின் தலை பொனட்டில் மோதினால் தகடு உள்வாங்குவதற்கு, அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் இடம் விட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சேரும்போது பொனட் உயர்கிறது. பொனட் உயர்ந்தால் முன்கண்ணாடியின் அடி உயரும், அதன்பின் கூரையும் உயரும். எல்லாம் உயர்ந்த பிறகும் சக்கரம் பழைய அளவிலேயே நின்றால், பெரிய ஆளுக்குச் சின்னச் செருப்பு மாட்டியது போலாகிவிடும்.

ஆனால் எல்லாக் காருக்கும் இந்தக் கதி வருவதில்லை. எல்எஃப்-எல்சியைப் பாருங்கள். லெக்சஸின் தாய் நிறுவனமான டொயோட்டாவுக்குக் கலிபோர்னியாவில் கால்டி என்று ஒரு வடிவமைப்பு ஸ்டூடியோ இருக்கிறது, 1973இல் தொடங்கியது. அங்கே வரைந்த இந்தக் காரை 2012 ஜனவரியில் டெட்ரோய்ட் கண்காட்சியில் வைத்தார்கள். விற்கும் எண்ணத்தோடு செய்த கார் அல்ல அது. பார்த்தவர்கள் கொடுத்த வரவேற்பில், இதையே செய்வோம் என்று நிறுவனம் முடிவெடுத்தது. பொறுப்பு தலைமைப் பொறியியலாளர் கோஜி சாட்டோவிடம் போனது. பிற்பாடு 2023இல் டொயோட்டாவின் தலைவரானவர் அவர்தான்.

பொனட்டை உயர்த்தாமல் இருப்பதற்காக முன் சஸ்பென்ஷனையே புதிதாக அமைத்தார்கள். முன்பக்கம் நீண்டுவிடாமல் இருக்க, மூன்று சிறிய எல்இடி விளக்குகளை ஒடுக்கமாக அடுக்கிய ஹெட்லைட்டைச் செய்தார்கள். 2016 ஜனவரியில் அதே டெட்ரோய்ட்டில் எல்சி 500 வந்தபோது, கொன்செப்டின் உடல்வாகு அப்படியே இருந்தது. கோடுகள் மாறியிருந்தன, விளிம்புகள் தடித்திருந்தன. ஆனால் சக்கரம் நிற்கும் இடமும், அதன் மேல் உடம்பு உட்காரும் விதமும் போகவில்லை.

அதனால்தான் புதுக் கார் ஒன்றின் படம் வந்ததும் கிரில்லையும் விளக்கையும் பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பக்கவாட்டுப் படத்தை எடுங்கள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து முன்கதவு தொடங்கும் இடம் வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டொயோட்டா அக்சியோ போன்ற சாதாரணக் காரில் அது மிகக் குறைவு. எல்சியில் அந்த இடத்தில் ஒரு நீண்ட இழுப்பு இருக்கும். பார்த்தவுடன் விலை கூடிய கார் என்று மனதுக்குப் படுவது முதலில் அந்த இழுப்பினால்தான்.

டிங்கர் வேலை செய்பவர், பஞ்சிகாவத்தை: நாங்கள் பட்டி வைத்துத் தேய்த்து எடுக்கிறோம். நீங்கள் களிமண் என்கிறீர்கள். மழைக்காலத்தில் கரையாதா, வெயிலில் வெடிக்காதா?

அண்ணே, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இது குயவர் மண் அல்ல. இதில் தண்ணீரே கிடையாது, மெழுகும் எண்ணெயும் கலந்தது. ஆகவே காயாது, வெடிக்காது. 60 பாகை செல்சியஸ் அளவில் அடுப்பில் வைத்தால் வெண்ணெய் போல இளகும். மரமும் இரும்பும் கொண்டு சட்டம் அமைத்து, அதன் மேல் ரெஜிஃபோம் ஒட்டி, அதற்கு மேல் இந்தக் களிமண்ணைக் கைப்பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பூச வேண்டும். ஆறியதும் இறுகிவிடும். அப்புறம் பல்லுள்ள இரும்புச் சீவுளியால் சீவி, கடைசியில் மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்து இழுத்து மட்டப்படுத்துவோம். ஹார்லி ஏர்ல் 1927இல் ஜெனரல் மோட்டர்ஸில் வடிவமைப்புப் பிரிவை ஆரம்பித்தபோது களிமண்ணை இந்தத் தொழிலின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். இன்று கணினியும் அரைக்கும் இயந்திரமும் பாதி வேலையைச் செய்தாலும் மீதிக்குக் கை வேண்டும்.

நீங்கள் கதவில் பட்டி தேய்த்து முடித்ததும் என்ன செய்வீர்கள்? குனிந்து, கூரையிலுள்ள ரியூப் லைட் அந்தக் கதவில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பீர்கள். கோடு நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. பல இலட்சம் டொலர் செலவழிக்கும் ஸ்டூடியோவும் அதையேதான் செய்கிறது. களிமண்ணின் மேல் பளபளப்பான ஒரு மெல்லிய படலத்தை இழுத்து ஒட்டி, நீண்ட விளக்குகளுக்குக் கீழே நிறுத்தி, ஒளிக்கோடு முன் மட்கார்டிலிருந்து பின் சக்கரத்துக்கு மேலே புடைக்கும் தோள் வரை நெளியாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். கணினியிலும் வரிக்குதிரைக் கோடு போட்டுப் பார்க்கிறார்கள், தத்துவம் ஒன்றே. கூப்பேயில் இது இன்னும் கடினம். பின்கதவு வெட்டு இல்லாததால் கதவிலிருந்து பின்பக்கம் வரை ஒரே பெரிய பரப்பு. தப்பை மறைக்க ஒரு வெட்டுக்கோடுகூடக் கிடைக்காது.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். மேலதிகாரிகள் பார்க்க வருவதற்கு முந்தின இரவு, ஒரு கூப்பேயின் இடது பின்தோளில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்டேன். அவசரத்தில், ஆறிய களிமண்ணைக் கீறிச் சொரசொரப்பாக்காமல் அதன் மேலேயே சூடான களிமண்ணை அப்பினேன். காலையில் படலத்தை இழுக்கும்போது அந்தத் துண்டு அப்படியே கழன்று வந்தது. பட்டி வைக்க முன் தகட்டை உரசாமல் விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பார்த்த நல்ல மாதிரிக் கலைஞர்களின் கைக்கும் பஞ்சிகாவத்தையில் பார்த்த சில கைகளுக்கும் வித்தியாசம் இல்லை. மனதார எழுதுகிறேன்.

ஓட்டோ சாரதி, மருதானை: படத்தில் பக்கக் கண்ணாடியே இல்லை. பின்னால் வருவதை எப்படிப் பார்ப்பது?

கமராதான். ஜப்பான் 2016இல் அதை அனுமதித்தது. 2018இல் லெக்சஸ் ஈஎஸ் அப்படியே விற்பனைக்கும் வந்தது. எனக்கென்றால் கண்ணாடிதான் வேண்டும். கொழும்பு மழையில் ஓட்டுபவருக்குக் காரணம் புரியும்.

மென்பொருள் பொறியியலாளர், பம்பலப்பிட்டி: மின்சாரக் காருக்கு முன்னால் எஞ்சின் இல்லை. பிறகு எதற்கு அந்த நீண்ட பொனட்? பழைய பழக்கம்தானே?

ஓரளவுக்குப் பழக்கம்தான், ஆனால் அதுமட்டும் அல்ல. 2016இல் மெர்சிடிஸ்-மேபேக் விஷன் 6 என்று ஒரு மின்சார கூப்பே கொன்செப்ட் வந்தது. நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர், 24 அங்குல ரிம். 2024 டிசம்பரில் ஜாகுவார் டைப் 00. இரண்டிலும் பொனட் நீளத்துக்கு இயந்திரக் காரணம் பெரிதாக இல்லை.

ஒரு கஷ்டத்தையும் நினைத்துப் பாருங்கள். பெட்டரி தரைக்கடியில் படுத்திருக்கிறது. அதன் தடிப்பளவுக்குச் சீட்டும் கூரையும் மேலே ஏறும். உயரமான உடம்பைத் தாழ்வாகக் காட்ட வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்ட வேண்டும், சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். 2022இல் வந்த ரோல்ஸ்-ரோய்ஸ் ஸ்பெக்டரில் 23 அங்குல ரிம் இருப்பதன் காரணம் அலங்காரம் மட்டும் அல்ல. அதன் கதவே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், டைப் 00 துணிச்சலான கார். பின்பக்கக் கண்ணாடி ஜன்னலை எடுத்தது எனக்குப் பிரச்சினை இல்லை, போல்ஸ்டார் 4 என்ற கார் அதைச் செய்து விற்கிறது. ஆனால் அதன் பக்கப்பரப்பு ஒரு சுவர் போல நிற்கிறது, ஒளி ஓடுவதற்கு வழி போதாது. எல்மிராஜ் 5.2 மீட்டர் நீளமுள்ள பெரிய கார்தான், ஆனாலும் அதன் தோளில் ஒரு கோடு மெதுவாக எழுந்து இறங்கும். 2013இல் வந்தது, தயாரிப்புக்குப் போகவே இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

புகைப்படம் எடுப்பவர், கொள்ளுப்பிட்டி: வெளிநாட்டுப் படங்களில் அழகாகத் தெரியும் கார், இங்கே நேரில் வேறு மாதிரித் தெரிவது ஏன்?

வெயில். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பொனட்டும் தோளும் வெள்ளையாக எரியும், கதவுக்குக் கீழுள்ள பகுதி முழுதும் இருட்டாகிவிடும். வடக்கு நாடுகளில் சூரியன் சாய்ந்தே வருவதால் கதவின் வளைவுகள் நாள் முழுக்கத் தெரியும். மாலை ஐந்தரைக்குக் காலிமுகத்திடலில், கடலைப் பார்க்கும் பக்கத்திலிருந்து காரை எடுத்துப் பாருங்கள். வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆசிரியை, மட்டக்குளி: இங்கே ஒரு சின்னக் கார் வாங்கவே வழியில்லை. இந்த ஆடம்பரத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா?

நியாயமான கேள்வி அக்கா. 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வந்தது. அதற்குப் பிறகும் வரியைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. இந்தக் கார்களை வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் இவற்றில் பரீட்சித்த யோசனை சாதாரணக் காருக்கும் இறங்கி வருகிறது. 2017 டோக்கியோ கண்காட்சியில் மஸ்டா, விஷன் கூப்பே என்ற சொகுசுக் காரையும் காய் என்ற சிறிய காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இரண்டிலும் கதவின் மேல் மடிப்புக் கோடுகளை எடுத்துவிட்டு ஒளியை மட்டும் ஓட விட்டார்கள். அடுத்த வருடம் வந்த மஸ்டா 3இன் கதவில் அதே வேலையைக் காணலாம். வீதியில் அந்தக் கார் உங்களைக் கடக்கும்போது, எதிர்க் கடைகளின் நிழல் அந்தக் கதவில் வளைந்து போகும். நல்ல விகிதத்துக்காகக் கூடுதல் தகடு தேவையில்லை, கவனம்தான் தேவை. அந்தக் கவனம் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உயர்தரம் முடித்தவர், வத்தளை: இதைப் படிக்க எங்கே போகலாம்?

கட்டுபெத்தையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். வாகனத்துக்கென்றே படிக்க இங்கிலாந்தில் கொவென்ட்ரி, அமெரிக்காவில் பசடீனாவிலுள்ள ஆர்ட்சென்டர். முதுநிலைக்கு இந்தியாவின் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), காந்திநகர் வளாகம். எங்கு போனாலும் பெறுபேற்றைவிட உங்கள் வரைபடக் கோப்பைத்தான் முதலில் புரட்டுவார்கள் தம்பி. அதில் முடிந்த படத்தை மட்டும் வைக்காமல், பிழையாகிப்போய்த் திருத்திய தாள்களையும் வையுங்கள். கோட்ஜென் நிறுவனத்தின் வேகா மின்சார ஸ்போர்ட்ஸ் கார் இலங்கையிலேயே உருவானது. அதையும் தேடிப் பாருங்கள்.

ஒரு தாய், கல்கிசை: மகனுக்கு ஒன்பது வயது. எப்போதும் கார் படம்தான். எல்லாக் காரும் பெட்டி மாதிரி வருகிறது என்று அழுகிறான். என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

உடம்பை முதலில் வரைந்து, கடைசியில் சக்கரத்தைச் செருகுகிறான் என்று நினைக்கிறேன். மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். தரைக்கு ஒரு கோடு, அதன் மேல் ஒரு ஐந்து ரூபா குற்றியை வைத்து இரண்டு வட்டம். இரண்டுக்கும் நடுவில் இன்னும் மூன்று குற்றி வைக்க இடம் விடட்டும். கூரை, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு குற்றியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு அவனுக்குப் பிடித்தபடி வரையட்டும். முதல் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.