இறாலும் பூண்டும் பிரஷர் மாத்திரையும்

வணக்கம் அக்கா,

சமையல் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். வயது 48, ஊர் திருச்சி. ஒன்றரை வருடமாக எனக்கும் என் அடுப்படிக்கும் ஆகவில்லை. பூண்டு உரித்தால் இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் வெடித்து எரிகின்றன. வலது கைக்கு ஒன்றுமில்லை, அதுதான் வேடிக்கை. காலையில் பால் காபி குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறினால் அரைமணி நேரம் இருமுகிறேன், இது ஆறு மாதமாகத்தான். போன டிசம்பரில் தங்கை வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி ஒரே அரிப்பு. அவள் கொடுத்த அலர்ஜி மாத்திரையில் அடங்கியது. அன்று முட்டிவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன். மற்றபடி ஏழு மாதமாக பிரஷர் மாத்திரை மட்டும் எடுக்கிறேன்.

மாமியார் "கரப்பான் பண்டம் எல்லாத்தையும் விட்டுடு" என்கிறார். கணவர் "உனக்கு எல்லாமே மனசுதான்" என்கிறார். மகன் ஆன்லைனில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்தான். 31 உணவுகளைச் சிவப்பில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அரிசி, துவரம்பருப்பு, தக்காளி, பால், புளி எல்லாம் அதில் இருக்கின்றன. இறால் பச்சையில் இருக்கிறது! நாற்பது வருடம் சாப்பிட்ட உடம்புக்கு இப்போது என்ன வந்தது? இந்த 31-ஐயும் விட்டால் நான் எதைத்தான் சாப்பிடுவது?

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவர் இல்லை. அதனால் இதை வைத்துக்கொண்டு மாத்திரை மாற்றாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நான்கு வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கட்டிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்து வைக்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் இறால். மற்றதையெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். இருபது நிமிடத்தில் உதடு வீங்குவதும் உடம்பு தடிப்பதும் அசல் ஒவ்வாமையின் அடையாளம். நீங்கள் அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் போனால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

இத்தனை வருடம் சாப்பிட்டாயிற்று, இனி என்ன ஆகப்போகிறது என்ற கணக்கு இங்கே செல்லாது. அறிமுகமே இல்லாத பொருளுக்கு உடம்பு முதல் தடவையிலேயே இப்படிக் கொந்தளிப்பது அரிது. ஏற்கெனவே பழகிய ஒன்றுக்கு எதிராகத்தான் அது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயார் செய்து வைக்கிறது. அந்தத் தயாரிப்பு எந்த வயதிலும் தொடங்கலாம். அமெரிக்காவில் 40,443 பெரியவர்களிடம் விசாரித்து 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உணவு ஒவ்வாமை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்தது ஒரு பண்டமாவது வளர்ந்த பிறகுதான் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது. முதலிடம் இறால், நண்டு வகைக்கு. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. தங்களுக்கு ஒவ்வாமை இருப்பதாகச் சொன்னவர்கள் 19 சதவீதம். சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் பொருந்தி வந்தவர்கள் 10.8 சதவீதம். ஆக, உங்கள் கணவர் பேச்சிலும் ஒரு துளி நியாயம் இருக்கலாம். இறால் விஷயத்தில் மட்டும் துளியும் இல்லை.

இறாலில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அசையாது. நண்டிலும் அதுவே இருக்கிறது. கரப்பான்பூச்சியிலும், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளிலும் அதன் பங்காளிகள் உண்டு. தூசிக்குத் தும்முகிற சிலருக்குப் பின்னாளில் இறால் சேராமல் போவதற்கு இதுவும் ஒரு வழி. மீனில் இருப்பது வேறு புரதம். எனவே இறாலுக்காக மீனை விட வேண்டியதில்லை. ஆனால் சென்னாக்குன்னி (காய்ந்த பொடி இறால்) பொடி, கருவாட்டுக் கடையின் கலவைகள், இறாலும் மீனும் ஒரே எண்ணெயில் பொரிக்கிற ஓட்டல்கள் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். சிலருக்கு இறால் வேகும் ஆவியே போதும், ஆகவே மற்றவர்களுக்காகக்கூட நீங்கள் சமைக்காதீர்கள்.

முட்டிவலி மாத்திரையை நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று. ஐபுப்ரொஃபேன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உணவு ஒவ்வாமையின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. சாப்பிட்ட கையோடு வேகமாக நடப்பதும் கடினமாக உழைப்பதும் அப்படியே. சில பேருக்கு ஒரு நாள் சும்மா இருந்த பண்டம் இன்னொரு நாள் பாய்வதன் காரணம் இதுதான். "போன மாசம் சாப்பிட்டேனே, ஒண்ணும் ஆகலையே" என்று மறுபடி சோதித்துப் பார்க்கிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. அடுத்த தடவை போன தடவை மாதிரியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலர்ஜி மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் அடக்கும், அவ்வளவுதான். குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றிக் கண் இருண்டாலோ மாத்திரைக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

இப்போது அந்த 31. மகனைத் திட்டாதீர்கள், அவன் அக்கறையில்தான் செய்திருக்கிறான். இப்படி நூற்றுக்கணக்கான உணவுகளுக்குச் சிவப்பு, பச்சை போட்டு வருகிற பரிசோதனைகள் பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. ஒரு உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்று காட்டாது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2008-லேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அரிசி, பருப்பு, தக்காளி, புளி, பால்: ஒரு தென்னிந்திய வீட்டில் தினமும் என்ன சமைக்கிறார்கள் என்று காசு கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். உதட்டை வீங்க வைத்த இறால் பச்சையில் வந்ததே, அது ஒன்று போதும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட. வேண்டியது தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ, இறாலுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோ. அதுவும் நடந்த கதையைக் கேட்ட மருத்துவர் சொல்லி எடுப்பது.

மாமியாரின் பட்டியலை இவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிகள் ஒதுக்கியதில் இறாலும் நண்டும் இருக்கின்றன. கத்திரிக்காய் இருக்கிறது, மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் ஒவ்வாமையைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மீனும் கருவாடும் பட்டியலில் ஏறியதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. அயிலை, சூரை, மத்தி போன்றவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் பாக்டீரியா அவற்றில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடிக்கும். பார்க்க அச்சு அசலாக அலர்ஜி, ஆனால் குற்றம் மீன் கெட்டுப்போனதில். அதே பானையில் சாப்பிட்ட நாலு பேருக்கும் இப்படி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். பாட்டி பட்டியலின் குறை, அது ஊருக்கே போட்ட பட்டியல் என்பது. கத்திரிக்காய் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் எண்ணெய்க் கத்திரிக்காயை ஏன் விட வேண்டும்?

பால் சின்ன விஷயம். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கிற நொதி தென்னிந்தியர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுவயதிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. எப்போது வயிறு அதைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். அந்த நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்த அளவைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பெரிதாகச் சிரமப்படுவதில்லை. எனவே வெறும் வயிற்றில் குடிப்பதை விட்டு, இட்லிக்குப் பிறகு அரை டம்ளர் காபி குடித்துப் பாருங்கள். தயிரில் பாக்டீரியா பாதி வேலையை முடித்திருக்கும், மோர் இன்னும் சௌகரியம். ஏ2 பால் என்று அதிக விலை கொடுக்காதீர்கள், அதிலும் லாக்டோஸ் அப்படியேதான் இருக்கிறது. இந்த வயதில் கால்சியம் தேவை. பாலை முழுக்க நிறுத்தினால் கேழ்வரகைக் கூட்டுங்கள், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்.

அப்புறம் அந்த இடது கை. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். வலது கை கத்தியைப் பிடிக்கிறது, இடது கையின் மூன்று விரல்கள் பூண்டுப் பல்லைப் பிடிக்கின்றன. பூண்டில் உள்ள டையல்லில் டைசல்ஃபைடு என்ற கந்தகப் பொருளுக்குத் தோல் ஒவ்வாமை வந்தால் சரியாக அந்த மூன்று நுனிகளில்தான் வெடிக்கும். தோல் மருத்துவர்கள் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்படும் அமைப்பு இது. முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனையில் உறுதி செய்துகொள்ளலாம். இதிலும் வருடக்கணக்காகத் தொட்ட பிறகுதான் தோல் ஒருநாள் திரும்பிக்கொள்ளும். பச்சைப் பூண்டைத் தொடுவதுதான் பெரும்பாலும் வினை. நன்றாக வெந்த பூண்டைச் சாப்பிடுவதில் நிறையப் பேருக்குத் தொந்தரவு இருப்பதில்லை.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சாதாரண ரப்பர் உறைகளில் பெரும்பாலானவற்றை இந்தக் கந்தகப் பொருள் ஊடுருவிப் போய்விடும். அதனால் பூண்டைத் தொடாமல் இருப்பதுதான் வழி. பாத்திரம் கழுவ கையுறை வேறு கதை, அது கட்டாயம் வேண்டும், உள்ளே ஒரு பருத்தி உறையோடு. ஏற்கெனவே சோப்பும் தண்ணீரும் கரைத்துப் போட்ட தோலில்தான் பூண்டு சுலபமாக உள்ளே இறங்குகிறது. மாதவிடாய் நிற்கப் போகும் வயதில் தோலின் எண்ணெய்ப் பசையும் குறைகிறது, கண்ணும் வறள்கிறது. வெங்காயம் முன்பைவிட அதிகமாகக் கண்ணைக் கரிக்கிறது என்று இந்த வயதுப் பெண்கள் சொன்னால் நான் நம்புவேன். வறண்ட கண்தான் அதிகமாக நீர் விடும்.

கடைசியாக இருமல். உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் எனக்கு உறுத்துகின்றன. இருமல் ஆறு மாதம், பிரஷர் மாத்திரை ஏழு மாதம். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், பெண்களுக்கு அது கூடுதல். மிளகாயின் காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு வாசலைத்தான் தட்டுகிறது. 1997-இல் அந்த வாசலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவருக்கு எவ்வளவு எளிதில் இருமல் வரும் என்று அளக்க ஆய்வாளர்கள் காப்சைசினைத்தான் முகரக் கொடுக்கிறார்கள். இந்த மாத்திரை எடுப்பவர்களில் இருமல் வந்தவர்களுக்கு அதில் குறைந்த அளவே போதுமாக இருக்கிறது. தாளிப்பு அதே தாளிப்புதான், உங்கள் தொண்டை மாறியிருக்கலாம். இதே மாத்திரைகள் எப்போதாவது உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும் என்பதால் டிசம்பர் கதையையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடிப்பும் அரிப்பும் இருந்ததால் எனக்கு இறால் மேல்தான் சந்தேகம், ஆனாலும் அவர் தீர்மானிக்கட்டும். வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை காரணமில்லை என்றால் ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், 48 வயதிலும் அது வரும்.

உங்களிடம் இல்லாத ஒன்றையும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகு வரை வலித்தால், அதை வாய்வு என்று பெருங்காயத்தில் அடக்காமல் ஒரு ஸ்கேன் பாருங்கள். நாற்பதுக்கு மேல் பெண்களுக்குப் பித்தப்பைக் கல் சகஜம்.

பூண்டு உரிக்கிற வேலையை இன்றிலிருந்து "எல்லாமே மனசுதான்" என்றவருக்குக் கொடுங்கள். அவருக்கு எரியாது, நிம்மதியாக உரிப்பார். சேனைக்கிழங்கையும் அவரிடமே தள்ளினால், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் சுண்ணாம்பு ஊசிகள் மனசு பார்த்துக் குத்துவதில்லை, எல்லார் கையும் அரிக்கும்.