‘தூண்டுதல்’ என்ன போலீஸ் சொல்லா?

கேள்வி: பள்ளி ஆண்டுவிழா நன்றியுரையில் ‘தலைமையாசிரியர் தூண்டுதலால்தான் இந்த நாடகம் நடந்தது’ என்று எழுதியிருந்தேன். தற்கொலைக்குத் தூண்டுதல் மாதிரி இருக்கிறது என்று விழாக்குழுவில் அடித்துவிட்டார்கள். அது கெட்ட சொல்லா? எங்கிருந்து வந்தது?

பதில்: சொல் நல்ல சொல்தான், சகவாசம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

எண்ணெய் விளக்கில் திரி எரிந்து குறுகி, நுனியில் கரி கட்டிச் சுடர் மங்கும்போது ஒரு குச்சியால் கரியைத் தட்டிவிட்டுத் திரியை முன்னே தள்ளுவோமே, அதற்குப் பெயர் தூண்டுதல், அந்தக் குச்சி தூண்டுகோல். ஆளைக் கிளப்பிவிடுவதற்கும் அதே சொல். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் இறைவனையே ‘தூண்டு சுடர் அனைய சோதி’ என்கிறார். இன்னொரு பாட்டில் மறைக்காட்டுக் (இன்றைய வேதாரண்யம்) கோயில் விளக்கைத் தூண்டுவது ஓர் எலி! மூக்குச் சுட்ட எரிச்சலில் திரியைத் தள்ளிவிடுகிறது, அதற்கே மண்ணும் விண்ணும் பரிசு. போலீஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதைச் சொன்னதும் யாராவது வந்து ‘தூண் போலத் தாங்குவதால் தூண்டு’ என்பார். நம்பாதீர்கள். சொல்லை இரண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் ஒட்டி, அதையே வீடியோவாகவும் கட்டண வகுப்பாகவும் விற்கிற கூட்டம் இப்போது பெருத்துவிட்டது. ‘எந்தப் பழைய நூலில், எந்த வரியில்?’ என்று கேட்டுப் பாருங்கள், ஆளைக் காணோம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்து, இன்று இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. ஆனால் அகராதியைப் புரட்டிப் பார் என்று எந்த வகுப்பில் சொல்லித்தருகிறார்கள்? மனப்பாடம் பண்ணவே நேரம் போதவில்லை.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். ‘தூண்டா விளக்கு’ என்றால் மங்கிக் கிடக்கும் விளக்கு இல்லை. தூண்டவே தேவையில்லாமல் தானே எரிவது. ஒருவரை ‘தூண்டாமணி விளக்கு’ என்றால் அது பாராட்டு, யாரையும் ஊக்குவிக்காதவர் என்று குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். கல்வெட்டுகளில் வரும் ‘நுந்தா விளக்கு’ம் இதே வகைதான், நுந்துவது என்றாலும் தள்ளுவதுதான்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். எதைத் தூண்டினார் என்பதுதான் கணக்கு: கலவரத்தைத் தூண்டினால் வழக்கு, ஆர்வத்தைத் தூண்டினால் நன்றி. ‘தூண்டுதலால்’ தாராளமாக இருக்கலாம். ‘தூண்டுதலின்பேரில்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது குற்றப்பத்திரிகை நடை. விழாக்குழு அப்போதும் முரண்டு பிடித்தால் ‘தலைமையாசிரியர் தூண்டுகோலாக இருந்தார்’ என்று மாற்றிக் கொடுங்கள், அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.