ஸீ, லுக், வாட்ச்: ஒரு ‘பாரு’வுக்கு மூணு பேரு

கேள்வி: பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். வெளிநாட்டு பையர் ஒருத்தங்ககிட்ட வீடியோ கால்ல பேசிட்டு இருந்தப்போ, வீட்ல எனக்கு மாப்ள பாக்குறாங்கன்னு சொல்ல வந்து, “மை பேரன்ட்ஸ் ஆர் ஸீயிங் எ பாய்”னு சொல்லிட்டேன். அந்தம்மா ஒரு செகண்ட் திருதிருன்னு முழிச்சாங்க, அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் என்னங்க தப்பா சொன்னேன்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அய்யய்யோ! “ஐ ஆம் ஸீயிங் சம்ஒன்”னு ஒருத்தங்க சொன்னா, ஒருத்தரோட பழகிட்டு இருக்கேன், லவ் பண்றேன்னு அர்த்தம்ங்க. அப்போ உங்கப்பாவும் அம்மாவும் சேந்து ஒரு பையனோட டேட்டிங் போயிட்டு இருக்காங்கன்னு அந்தம்மா காதுல விழுந்திருக்கு, சிரிக்காம என்ன பண்ணுவாங்க? மாப்ள பாக்குறதுங்கிறது மாப்ள தேடுறதுதானே, அதுக்கு “லுக்கிங் ஃபார்” போட்டிருக்கணும்.

(நடுவுல ஒண்ணு, நான் வேணும்னேதான் ஸீன்னு எழுதுறேன், சீன்னு எழுதுனா உங்கள திட்டுற மாதிரி இருக்கு.)

தப்பு உங்க மேல இல்ல, நம்ம ‘பாரு’ மேல. அது தலைல நாம ஏத்தி வச்சிருக்குற சுமை கொஞ்ச நஞ்சமா? வேலை பாக்குறோம், கணக்கு பாக்குறோம், பிரசவம் பாக்குறோம், ஜோசியம் பாக்குறோம், நாலு காசு பாக்குறோம், சட்டைய போட்டுப் பாக்குறோம், குழம்ப ருசி பாக்குறோம், இதுல பாதிக்கு கண்ணே தேவையில்ல. இங்கிலீஷ்காரங்க இது ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வார்த்தை வச்சிருக்காங்க, காசு பாக்குறதுக்கு ‘மேக்’, பிரசவம் பாக்குறதுக்கு ‘டெலிவர்’, போட்டுப் பாக்குறதுக்கு ‘ட்ரை ஆன்’. சரி, நெசமாவே கண்ணால பாக்குறதுக்காவது ஒரே வார்த்தையான்னா அதுவும் கிடையாது, அங்கதான் இந்த ஸீ, லுக், வாட்ச் பஞ்சாயத்து ஆரம்பிக்குது.

உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க. பல்லடம் பஸ் எங்க நிக்குதுன்னு தலைய தூக்கி ஒவ்வொரு போர்டா பாக்குறீங்க இல்ல, அது லுக். திடீர்னு ‘பல்லடம்’னு எழுதுனது கண்ல படுது, அது ஸீ. ஏறி உக்காந்தாச்சு, வண்டி கெளம்பல, கண்டக்டர் கைல இருக்குற டீ கிளாஸ் எப்பத்தான் காலியாகும்னு அதையே பாத்துட்டு இருக்கீங்க, அது வாட்ச். அதாவது லுக்னா நீங்களா கண்ணைத் திருப்புறது, ஸீன்னா அதுவா கண்ல விழுறது, வாட்ச்னா நகர்ற, மாறுற ஒண்ணு மேல இருந்து கண்ண எடுக்காம இருக்குறது. வாட்ச்சுக்கும், முழிக்கிறதுங்கிற வேக்குக்கும் பழைய இங்கிலீஷ்ல ஒரே வேர். வாட்ச்மேனுக்கு அந்தப் பேர் வந்ததும் ராத்திரி முழிச்சிருக்குறதாலதான் (எங்க அபார்ட்மென்ட்ல மட்டும் இந்த விதி செல்லாது).

இன்னொரு குறுக்குவழி சொல்றேன். தமிழ்ல ‘தெரியுது’ன்னு சொல்ற எடத்துல எல்லாம் ஸீ போட்டுப் பாருங்க, பெரும்பாலும் சரியா உக்காந்துரும். “ஸ்க்ரீன் தெரியுதா?” – “கேன் யூ ஸீ மை ஸ்க்ரீன்?” “பாத்தேன், ஆனா தெரியல” – “ஐ லுக்ட், பட் ஐ டிட்ன்ட் ஸீ இட்.” ‘தெரிஞ்சுக்கிட்டு இருக்கு’ன்னு நாம இழுக்க மாட்டோம்ல, அதே மாதிரி சாம்பிள கைல வச்சுக்கிட்டு “ஐ ஆம் ஸீயிங் தி சாம்பிள்”னு மெயில் போடாதீங்க, “ஐ ஆம் லுக்கிங் அட் தி சாம்பிள்”. அந்த ‘அட்’ட முழுங்கிறாதீங்க, நம்மாளுங்க பாதிப்பேரு அங்கதான் வழுக்குறாங்க.

கேள்வி: போட்டித் தேர்வுக்கு படிக்கிறேன். ஸ்டேர், கேய்ஸ், க்ளேர், க்ளான்ஸ், க்ளிம்ப்ஸ், பியர்... எல்லாத்துக்கும் கைடுல ‘பார்த்தல்’னே போட்டிருக்கான். எப்படி பிரிச்சு ஞாபகம் வச்சுக்குறது?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அந்த கைட எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிச் சாப்பிடுங்க. நாம என்ன பண்றோம், எப்படி பாக்குறோம்ங்கிறத ‘பாரு’வுக்கு முன்னாடி ஒரு வார்த்தைல சொல்லிடுறோம், அவங்க அதையும் உள்ள போட்டுக் கரைச்சு ஒரே வார்த்தை ஆக்கிட்டாங்க. அதனால ‘பார்த்தல்’னு மனப்பாடம் பண்ணாம முன்னாடி இருக்குற வார்த்தையோட பிடிங்க. முறைச்சுப் பாக்குறது க்ளேர். வெறிச்சு வெறிச்சுப் பாக்குறது ஸ்டேர், பஸ்ல எவனாவது அப்படி பாத்தா நமக்கு எரிச்சல் வரும்ல, அந்த எரிச்சல் அந்த வார்த்தைலயும் ஒட்டியிருக்கு. மெய்மறந்து பாத்துக்கிட்டே இருக்குறது கேய்ஸ், இதுல எரிச்சல் கிடையாது, நிலாவப் பாக்கலாம், தொட்டில்ல தூங்குற பிள்ளையப் பாக்கலாம். கண்ணைச் சுருக்கி உத்துப் பாக்குறது பியர், எங்க அப்பா மாத்திரை அட்டைய ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு எக்ஸ்பைரி தேதிய தேடுவாரே, அதே அதே.

க்ளான்ஸும் க்ளிம்ப்ஸும்தான் எல்லாரையும் கவுத்துரும். பரீட்சை ஹால்ல கடிகாரத்த சட்டுன்னு ஒரு தடவ பாத்துட்டுக் குனிஞ்சுக்குறீங்க, நீங்களா பாத்தது, அதனால க்ளான்ஸ். தேரோட்டத்துல அத்தன தலைக்கு நடுவுல சாமி முகம் ஒரு நொடி தெரிஞ்சு மறைஞ்சு போகுது, அதுவா கெடச்சது, அதனால க்ளிம்ப்ஸ், “காட் எ க்ளிம்ப்ஸ்”னு எழுதணும்.

சைட் அடிக்கிறத ஏன் கேக்கலன்னு யோசிச்சேன். அந்த சைட்டு இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனா பக்கத்துல ‘அடி’ய ஒட்ட வச்சது நாம, அத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா ஒருத்தருக்கும் புரியாது. கிட்டத்தட்ட “செக்கிங் அவுட்”னு வச்சுக்கலாம். பரீட்சைல வராது, படிங்க.

கேள்வி: ஓவர்ஸீ, ஓவர்லுக் ரெண்டும் ஒண்ணுதானே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இப்படித்தான் நெனச்சு, பயோடேட்டாவுல “ஐ ஓவர்லுக்ட் டுவென்டி வொர்க்கர்ஸ்”னு பெருமையா போட்டு வச்சிருந்தான். இருபது பேர மேற்பார்வை பாத்தேன்னு அவன் நெனப்பு, இருபது பேரையும் கண்டுக்காம விட்டுட்டேன்னு அதுக்கு அர்த்தம். அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுனான், தப்பிச்சான். மேற்பார்வைக்கு ஓவர்ஸீ, கவனிக்காம விட்டுடுறதுக்கு ஓவர்லுக். பால்கனில இருந்து கடல் தெரியுதுன்னு ரியல் எஸ்டேட் விளம்பரத்துல வர்ற “ஓவர்லுக்கிங் தி ஸீ” மட்டும் தனி கேஸ், அங்க கடல யாரும் கண்டுக்காம விடல. இதுல கூத்து என்னன்னா, ‘ஓவர்சைட்’ங்கிற ஒரே வார்த்தைக்கு மேற்பார்வைன்னும் அர்த்தம் இருக்கு, கவனப் பிசகுன்னும் அர்த்தம் இருக்கு, அது எதுன்னு அந்த வாக்கியத்த முழுசா படிச்சாத்தான் தெரியும்.

கேள்வி: “பாத்துப் போ”, “நான் பாத்துக்கிறேன்” – ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: “லுக் அண்ட் கோ”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. படிக்கட்டு, வழுக்குற தரைன்னா “வாட்ச் யுவர் ஸ்டெப்”. பின்னாடி வண்டி வந்துட்டா “லுக் அவுட்!”னு கத்துங்க. பாத்துக்கிறேன்ல ரெண்டு மூணு உண்டு. பேரப்பிள்ளைய, வயசான மாமியார, ஊருக்குப் போனவங்க வீட்ட பாத்துக்கிறதுன்னா லுக் ஆஃப்டர். ஒரு வேலைய முடிச்சுக் குடுக்குறேன்னா “ஐ வில் டேக் கேர் ஆஃப் இட்”. “லுக் இன்டு”ன்னா என்ன ஏதுன்னு விசாரிக்கிறேன்னுதான் அர்த்தம், முடிச்சுக் குடுப்பேன்னு அதுல வாக்கு எதுவும் கிடையாது, ஆபீஸ் லெட்டர்ல அது ஏன் இவ்ளோ பிரபலம்னு இப்போ புரியுதா.

கேள்வி: “பாக்கலாம்” என்பதற்கு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: “வீ வில் ஸீ.” கடன் கேட்டுப் போன எடத்துல எந்த மொழில இதக் கேட்டாலும் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுங்க.

கேள்வி: இதே மாதிரி ‘கேளு’வுக்கும் ஹியர், லிசன், ஆஸ்க்னு மூணு இருக்கே, அடுத்த வாரம் எழுதுவீங்களா?
– அதே தஞ்சாவூர் வாசகர்

பதில்: பாக்கலாம்.