ஆட்குறைப்பு வரலாம் என்ற நிலையில் சேமிப்பைப் போட்டுக் கடனை அடைத்துவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எட்டு வருட வேலை, மாதச் சம்பளம் 3,500 வெள்ளி (ரிங்கிட்). ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டில் 10,000 வெள்ளி பாக்கி. கையில் இருக்கும் சேமிப்பைப் போட்டு கார்டை முடித்துவிடலாமா?

இப்போது வேண்டாம். அதே வட்டாரத்தில் எச்.ஆர். (மனிதவள) பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். ஆட்குறைப்பில் முதலில் தட்டுப்பாடாவது ரொக்கம்தான். வருடத்துக்கு 18 விழுக்காடு வட்டி என்றே வைத்தாலும் 10,000 வெள்ளிக்கு மாதம் 150 வெள்ளி. அரிசியும் வீட்டுத் தவணையும் நிற்காமல் இருக்க அந்த 150-ஐக் கொடுத்துச் சேமிப்பைக் கையில் வைத்திருப்பது எனக்கு மோசமான பேரமாகத் தெரியவில்லை. ஆனால் கார்டைத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். மாதச் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வங்கிக்குப் போய், பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வேலை போன பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

கடனைவிட முக்கியமான ஒன்று, ரிசைன் கடிதம். சில முதலாளிகள் ஆளைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் அடித்துத் தயாராக வைத்த கடிதத்தை நீட்டுவார்கள், மேலே ஒரு பேனாவும் இருக்கும். “நீயே விலகிக்கொண்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்” என்பார்கள். லைன் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, பேனாவை மேசை ஓரத்தில் தள்ளி வைத்து, “வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் சார்” என்று எழுந்தார். நேரே தொழிலாளர் இலாகாவுக்குத்தான் போனார். அடுத்த வாரம் அவருக்கு வந்தது ஆட்குறைப்புக் கடிதம்.

தானாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, வேலை இழந்தவர்களுக்குத் தரும் வேலை காப்புறுதியும் கிடையாது. கம்பெனி அறிவிக்கும் விஎஸ்எஸ் என்ற விருப்ப விலகல் திட்டத்தில் விலகுவது வேறு. அதற்கு காப்புறுதி உண்டு. ஆனால் சாதாரண ரிசைன் கடிதத்தை விஎஸ்எஸ் என்று வாயால் சொல்லி நீட்டினால் நம்பாதீர்கள், திட்டத்தை எழுத்தில் கேளுங்கள்.

சரி, எவ்வளவு வரும்? 4,000 வெள்ளிக்குள் சம்பளம் என்பதால் 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறை உங்களுக்குப் பொருந்தும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். எட்டு வருடத்துக்கு 160 நாள், சுமார் 18,400 வெள்ளி. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இது போக எட்டு வார நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். வேலை இழப்பு இழப்பீட்டில் முழுதாக முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10,000 வெள்ளி வரை வருமான வரி கிடையாது. அதனால் இந்தத் தொகையில் வரி பிடித்திருந்தால் உடனே கேளுங்கள்.

பெர்கேசோ பணம் தனி. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அப்புறம் 50, 40, 40, 30, 30. உங்கள் சம்பளத்துக்கு முதல் மாதம் ஏறக்குறைய 2,800 வெள்ளி, ஆறாவது மாதம் ஆயிரத்துச் சொச்சம். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் உட்கார்ந்தே இந்த நாள்களைத் தாண்டவிட்டவர்கள் நிறைய. நடுவில் வேலை கிடைத்தால் மீதித் தொகையில் 25 விழுக்காட்டைக் கொடுத்துவிடுவார்கள். ஆக, உதவித்தொகை போய்விடுமே என்று வந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கடன்கள். எந்தக் கடன்காரன் எதைத் தூக்கிக்கொண்டு போக முடியும் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். கார் சீக்கிரம் போகும்: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் நோட்டீஸ், 21 நாள் கழித்து வண்டியை இழுக்கலாம். முக்கால்வாசி கட்டி முடித்திருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது. வேலைக்கு அலைய கார் வேண்டும் என்பதால் அதையும் வீட்டையும் முன்னால் வையுங்கள். வீட்டுக் கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லி வங்கியில் எழுதிக் கேட்கலாம். கார்டுக்காரன் கத்துவான், ஆனால் வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டான். அவனுக்குக் குறைந்தபட்சத் தொகை போதும். அதுவும் முடியாது என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேவுக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனை இலவசம். வங்கிகளுடன் பேசி எல்லாவற்றையும் ஒரே மாதத் தவணையாக்கித் தருவார்கள். பதிலுக்குக் கார்டுகளை முடக்குவார்கள். உங்களுக்கு அது நல்லதுதான்.

இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் ஃபிலெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், 50 வெள்ளி முதல். கார்டை அடைக்க அதைத் தொடாதீர்கள், பிள்ளையின் பள்ளிச் செலவு மாதிரி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் ‘உடனடிக் கடன்’ எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள். ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரனிடம்) போவதைவிட மனைவியின் நகையை அடகு வைப்பது ஆயிரம் மடங்கு மேல். அதற்கு முதலில் அவரிடம் வேலை விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்தால் இன்னும் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.