கேள்வி: வேகமாகக் கை ஓடாதவர்கள் ஆட, பார்க்க அழகான கற்பனை உலக வீடியோ கேம் ஏதாவது உண்டா?

கேட்டவர் மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். லேப்டாப் பழையது, துப்பாக்கி கூடாது, யோசிக்க நேரம் வேண்டும். மூன்றாவதைப் படித்ததும் நம்ம ஆள்தான் என்று தோன்றியது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. எதிரி பாயும்போது எந்தப் பட்டன் என்று தேடி முடிப்பதற்குள் என் ஆள் செத்து விழுந்திருப்பான்.

நான் சொல்வது 'சைல்ட் ஆஃப் லைட்'. 2014 ஏப்ரலில் வந்தது, அதனால் பழைய லேப்டாப்பிலும் ஓடும். என்னுடையதில் ஓடியது, ஃபேன் மட்டும் கொஞ்சம் இரைந்தது. கனடாவில் மான்ட்ரியலில் இருக்கும் யுபிசாஃப்ட் ஸ்டூடியோ செய்தது. இயக்கியவர் பாட்ரிக் ப்ளூர்ட், எழுதியவர் ஜெஃப்ரி யோஹலெம். இருவரும் அதற்கு முன் செய்தது 'ஃபார் க்ரை 3', தீவு முழுக்கத் துப்பாக்கியும் ரத்தமும். அந்தக் கைகளிலிருந்து இது வந்தது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

கதை 1895-இல், ஆஸ்திரியாவில் தொடங்குகிறது. ஒரு பிரபுவின் மகள் அரோரா, ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் இரவு தூங்கப் போகிறாள். காலையில் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. அப்பா உடைந்துபோகிறார். அவளோ வேறொரு உலகத்தில் கண் விழிக்கிறாள். அந்த உலகத்தின் சூரியனையும் நிலாவையும் நட்சத்திரங்களையும் அம்ப்ரா என்ற ராணி திருடி வைத்திருக்கிறாள். அவற்றை மீட்க வேண்டும்.

அந்த உலகத்தின் பெயர் லெமூரியா. என்னோடு ஆடிய அக்கா மகள், வயது பதினொன்று, உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "சித்தி, குமரிக்கண்டமா?" என்றாள். இல்லை கண்ணு, பெயர் மட்டும்தான். 1864-இல் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர்களும் அவற்றின் உறவுகளும் மடகாஸ்கர், இந்தியா என்று கடல் தாண்டிக் கிடப்பதற்கு விளக்கம் தேடி, மூழ்கிப்போன ஒரு நிலத்துக்குச் சூட்டிய பெயர் அது. நாம் அதைக் குமரியோடு சேர்த்துக்கொண்டோம். இந்த விளையாட்டு வெறும் கனவு தேசத்துக்கு வைத்துக்கொண்டது. இதைச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அழகைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் காட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் நாங்கள் எதுவும் செய்யவில்லை. வாட்டர் கலரில் தோய்த்த மாதிரி காடு. பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மரங்கள் மங்கிக்கொண்டே போகின்றன. அரோராவின் செம்பட்டை முடி தண்ணீருக்குள் அலைவதுபோல் எப்போதும் மிதக்கிறது. கையில் அவள் சக்திக்கு மீறிய வாள். ஓவியர் வரைந்ததை அப்படியே அசைய வைக்கும் யுபிஆர்ட் என்ற மென்பொருளில் செய்திருக்கிறார்கள். 'ரேமேன் லெஜண்ட்ஸ்' ஆடியவர்களுக்கு அந்தக் கைவண்ணம் தெரியும். கொஞ்ச நேரத்தில் அரோராவுக்கு இறக்கை கிடைக்கும். அதுவரை தட்டுத் தடுமாறி ஏறிய இடமெல்லாம் அதன் பிறகு ஒரு வீச்சில் பறந்து போகலாம். அந்த நிமிடத்துக்காகவே வாங்கலாம்.

ஆனால் வெறும் படமாக இருந்தால் அரை மணி நேரத்தில் சலித்திருக்கும். என்னை உட்கார வைத்தது சண்டைதான்.

எதிரியைத் தொட்டால் தனி மேடை வரும். உங்கள் பக்கம் இரண்டு பேர், எதிரே அதிகபட்சம் மூன்று பேர். திரையின் அடியில் நீளமாக ஒரு கோடு. அதன்மேல் எல்லோருடைய முகமும் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கோட்டின் பெரும்பகுதி காத்திருப்பு. கடைசிச் சிறு துண்டு செயலுக்கானது. உங்கள் முகம் அந்தத் துண்டின் வாசலுக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடும். அடிக்கலாமா, மந்திரமா, தற்காப்பா என்று ஒரு டம்ளர் காபி குடித்துக்கொண்டே யோசிக்கலாம். முடிவு எடுத்தபின் முகம் அந்தத் துண்டைக் கடக்கும். லேசான அடி என்றால் சீக்கிரம் கடக்கும், பெரிய மந்திரம் என்றால் ஊர்ந்து போகும். அந்த ஊர்ந்துபோகும் நேரத்தில் எவனாவது உங்களை அடித்துவிட்டால் போச்சு. மந்திரமும் நடக்காது, முகமும் கோட்டில் பின்னால் தள்ளப்படும். எதிரிக்கும் இதே கதிதான். ஆக, எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பதைவிட எப்போது அடிக்கிறோம் என்பதுதான் கணக்கு.

இங்கேதான் மினுக்குகிற சின்னப் பூச்சி இக்னிகுலஸ் வருகிறது. மின்மினி. கணினியில் அதை நகர்த்துவது மவுஸ், அரோராவை நகர்த்துவது கீபோர்ட். எதிரியின்மேல் நிறுத்தி ஒளியைக் காட்டினால் கோட்டில் அவன் முகம் மெதுவாகும். நம் ஆள்மேல் காட்டினால் காயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். ஒளிக்கு அளவு உண்டு. தீர்ந்தால் மேடையில் இருக்கும் செடிகளைத் தொட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். திரையில் உள்ளதிலேயே அழகான பொருள் எதுவோ அதுவே சண்டைக்கும் ஆயுதம். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கீபோர்ட் எனக்கு, மவுஸ் அக்கா மகளுக்கு. முதல் இரண்டு நாள் வீடு ரெண்டுபட்டது. சிலந்தி ஒன்று வாசலை நெருங்கும், நான் "அது மேல, அது மேல!" என்று கத்துவேன். அவள் செடியில் ஒளி பொறுக்கிக்கொண்டிருப்பாள். "நீங்கதான சித்தி தீர்ந்துடாம பாத்துக்கோன்னீங்க?" மூன்றாம் நாள் நிலைமை தலைகீழ். நான் பெரிய மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கப் போனால், "வேண்டாம், அது லேட்டாகும், சின்னதா ஒண்ணு போடுங்க, நான் அவனைப் பிடிச்சு வச்சிருக்கேன்" என்று எனக்கு உத்தரவு. சரியாகத்தான் சொன்னாள். அடி சரியாக விழுந்து எதிரியின் முகம் பின்னால் சறுக்கும்போது கேரம் போர்டில் ரெட் காயின் விழுந்த சந்தோஷம்.

சிரம நிலை இரண்டு உண்டு. எக்ஸ்பர்ட் என்பதையே எடுங்கள், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எளிதானதில் இந்தக் கோட்டைக் கவனிக்காமலே ஜெயித்துவிடலாம், அப்புறம் என்ன இருக்கிறது? உங்கள் முறை வரும்போதெல்லாம் ஆளை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு முறை வீணாகாது. இது தெரியாமல் பாதி விளையாட்டு நான் ஒரே ஜோடியை வைத்து அழுதேன். தற்காப்பையும் கேவலமாக நினைக்காதீர்கள். அடி குறைவதோடு அடுத்த முறையும் சீக்கிரம் வரும். பின்னால் போகப்போக, குறுக்கே அடித்து அவர்கள் செயலைக் கலைத்தால் திருப்பி அடிக்கிற எதிரிகளும் வருவார்கள். அங்கே பழைய பழக்கம் காலை வாரும்.

இனி குறை. பேச்சு முழுவதும் ஆங்கிலச் செய்யுள். எல்லோரும், எப்போதும். தமிழில் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும். அங்கே ஒலி வரியின் கடைசியில் பொருந்த வேண்டும், நம் இயைபு மாதிரி. அதற்காகச் சொல்லை வளைத்து, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, என்ன சொல்ல வந்தார்கள் என்றே சில இடங்களில் புரியாது. அதில் ஒரு நல்ல குறும்பும் உண்டு. ருபெல்லா என்ற கோமாளிப் பெண் ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லில் கோட்டை விடுவாள். பொருந்தாத சொல்லைச் சொல்வாள், பக்கத்தில் இருப்பவர் சரியானதை எடுத்துக் கொடுப்பார். திரையில் இருப்பவர் திருத்துவதற்குள் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பந்தயம். பதினொரு வயதிடம் எட்டுக்கு மூன்று என்று தோற்றேன்.

ஆக்குலி என்ற ரத்தினக் கற்களைச் சேர்த்து வேறு கல் செய்கிற சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. பொறுமை இருப்பவர்கள் செய்யட்டும். இசை க்யுபெக் பாடகி கேர் த பிராத் போட்டது. பியானோ அதிகம், ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

2025-இல் வந்த 'எக்ஸ்பெடிஷன் 33'-ஐப் பலரும் சொல்வார்கள். அழகுதான். ஆனால் அதில் உங்கள் முறை முடிந்ததும் எதிரி அடிக்கிற நொடியில் பட்டனைத் தட்டி விலக வேண்டும், தடுக்க வேண்டும். உங்கள் மூன்றாவது நிபந்தனை அடிபட்டுப் போகும். பழைய லேப்டாப் அதைப் பார்த்தாலே படுத்துவிடும்.

முடிவு எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். லீவு முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். கடைசிச் சண்டைக்கு முன்னால் சேவ் செய்து வைத்திருக்கிறோம். நேற்றும் போனில், "தொட்டீங்களா?" என்று கேட்டாள். தொடவில்லை. காலாண்டு லீவுக்கு வருகிறாள்.