ஸ்டாம்ஃபோர்டில் எங்கே தங்குவது? படிகளைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வேலை பார்க்கும் மகனிடம் நானும் கணவரும் போகிறோம். அங்கிருந்து செப்டம்பர் முதல் வாரத்தில் ஸ்டாம்ஃபோர்ட் என்ற பழைய சந்தை ஊருக்குப் போய் மூன்று இரவு தங்க ஆசை. மகன் மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறான்: ஊருக்குள் பழங்காலச் சத்திரம் ஒன்றின் மேல்மாடி அறை, சமையலறையோடு கூடிய சிறு வீடு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோர ஹோட்டல். கணவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. எங்களிடம் கார் இருக்காது. எதை எடுத்துக்கொள்வது?"

அம்மா, இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தேதியை மாற்றச் சொல்லுங்கள். ஸ்டாம்ஃபோர்டை ஒட்டியுள்ள பர்லி மாளிகையின் பூங்காவில் 1961 முதல் பெரிய குதிரையேற்றப் போட்டி ஒன்று நடந்துவருகிறது. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும் அந்தப் போட்டிக்காக ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள அறைகளைப் பலர் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுவார்கள். மிஞ்சும் அறைக்கு வாடகையும் தாறுமாறாக ஏறியிருக்கும். குதிரைகளைப் பார்ப்பது உங்கள் நோக்கமல்ல என்பதால், செப்டம்பர் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிடுங்கள். அப்போதும் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்து வெள்ளிக்கிழமை மதியம் கிளம்புவதுபோல் வைத்துக்கொண்டால், வார இறுதிக் கட்டணமும் வார இறுதி இரைச்சலும் இல்லாமல், வெள்ளிக்கிழமைச் சந்தையையும் பார்த்துவிட்டு லெஸ்டருக்கு ரயில் ஏறலாம்.

இனி ஊரின் அமைப்பு. வெல்லண்ட் ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. தென்கரையில் ரயில் நிலையமும், பாலத்திலிருந்து மேடேறிப் போகும் செயின்ட் மார்ட்டின்ஸ் தெருவும், பர்லி மாளிகைக்குப் போகும் வழியும் இருக்கின்றன. வடகரையில் பாலம் தாண்டியதும் செயின்ட் மேரிஸ் ஹில் என்ற சரிவு. அதில் ஏறி மேலே போனால் ரெட் லயன் சதுக்கம், வாகனங்கள் வராத ஹை ஸ்ட்ரீட், சந்தை கூடும் பிராட் ஸ்ட்ரீட் என்று ஊரின் உயிரான பகுதி முழுவதும் ஏறக்குறைய சமதளத்தில் விரிந்திருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். உண்மையில் தூரமும் அதிகமில்லை. ஆனால் தென்கரையில் தங்குபவர் காபி குடிக்கப் போனாலும் சாப்பிடப் போனாலும் அந்தச் சரிவில் ஏறி இறங்கியாக வேண்டும். நல்ல முழங்காலுக்கு அது ஐந்தாறு நிமிட வேலை. உங்கள் கணவருக்கு ஒரு நாளில் மூன்று முறை என்றால் இரண்டாம் நாளே அறையை விட்டு வெளியே வர மனம் வராது. எனவே, ரயில் நிலையத்துக்கு அருகில் என்று விளம்பரம் செய்யும் இடங்களைவிட, பிராட் ஸ்ட்ரீட்டையும் ஹை ஸ்ட்ரீட்டையும் சுற்றியுள்ள மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிகளோடு வரும் அன்றும் கிளம்பும் அன்றும் மட்டும் டாக்சி வைத்துக்கொண்டால் போதும்.

மகன் காட்டிய மூன்றில் சத்திரத்தை முதலில் பார்ப்போம், ஏனெனில் ஸ்டாம்ஃபோர்டின் கதையே சத்திரங்களின் கதைதான். லண்டனிலிருந்து யார்க் வழியாக வடக்கே செல்லும் பெருவழியில் இந்த ஊர் இருந்ததால், குதிரை மாற்றவும் இரவு தங்கவும் வந்த கோச்சு வண்டிகளால் சத்திரங்கள் செழித்தன. அவற்றில் பெயர்பெற்றது தென்கரையிலுள்ள ஜார்ஜ் ஹோட்டல். அதன் பெயர்ப்பலகை தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு தூக்குமர உத்தரம்போல நீண்டு, கீழே லாரி போகும் உயரத்தில் நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் வாசலின் இரு பக்கமும் லண்டன், யார்க் என்று எழுதிய இரண்டு கதவுகளைக் காணலாம். எந்தத் திசை வண்டிக்குக் காத்திருக்கிறீர்களோ அந்த அறையில் உட்கார வேண்டும் என்ற ஏற்பாடு அது. தங்காவிட்டாலும், ஒரு மாலை அங்கே தேநீர் குடித்துவிட்டு அந்தக் கதவுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனிலிருந்து வடக்கே போட்ட முதன்மை ரயில் பாதை பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. கோச்சு வண்டிகள் நின்றன. தொழிற்சாலைகளும் பெரிதாக வரவில்லை. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் சுண்ணாம்புக்கல் வீடுகள் அப்படியே நின்றன. 1967இல் இங்கிலாந்தின் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இந்த ஊர் அறிவிக்கப்பட்டது. இன்று அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. பயண நூல்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளும். தங்கப் போகிறவருக்கு விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. பட்டியலிலுள்ள கட்டடத்தில் ஓர் உத்தரத்தை வெட்டவும், சன்னலை மாற்றவும், மின்தூக்கி வைக்கவும் உள்ளாட்சியின் தனி அனுமதி வேண்டும். அது கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆகவே நூற்றாண்டுகள் பழைய சத்திரத்தில் மின்தூக்கி இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சன்னல்களில் ஒற்றைக் கண்ணாடிதான் இருக்கும், தெருப் பேச்சு தலையணை வரை வரும். மரத்தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நடைவழியின் நடுவே, எதிர்பாராத இடத்தில், இரண்டு படி இறங்கி மூன்று படி ஏற வேண்டியிருக்கும்.

வேறொரு சந்தை ஊரில் இப்படியொரு சத்திரத்தின் கூரையடி அறையில் நான் தங்கியிருக்கிறேன். கைப்பிடிக்குப் பதிலாகச் சுவரில் ஒரு தடித்த கயிறு. சுழன்று ஏறும் படிகளின் உட்பக்கம் பாதி பாதம்கூடப் பதியாது. மொத்தம் நாற்பத்தொரு படி. முன்பதிவுப் பக்கத்தில் 'தனித்தன்மை வாய்ந்த அறை' என்று போட்டிருந்தார்கள். அது உண்மைதான். காலையில் எழுந்து உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டபோது அந்தத் தனித்தன்மை எனக்கு நன்றாகவே புரிந்தது. உங்கள் மகன் பார்த்திருக்கும் மேல்மாடி அறை இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேண்டாம்.

சத்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை, மேல்மாடிதான் வேண்டாம். கோச்சு வண்டிச் சத்திரங்கள் முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டவை. பழைய குதிரை லாயங்களைப் பின்னாளில் அறைகளாக மாற்றியிருக்கும் இடங்களில் தரைத்தள அறைகள் கிடைக்கும். அவை தெருவைவிட்டு உள்ளே தள்ளியிருப்பதால் அமைதியாகவும் இருக்கும். இந்த யோசனைக்கு ஸ்டாம்ஃபோர்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. உங்கள் மகன் இருக்கும் லெஸ்டரில் சிறைக் காவலராக இருந்த டேனியல் லாம்பர்ட், தம் காலத்து இங்கிலாந்தின் மிகப் பருத்த மனிதராகப் புகழ்பெற்றவர். 1809 ஜூனில் ஸ்டாம்ஃபோர்டுக்கு வந்தபோது படியேற முடியாததால் செயின்ட் மார்ட்டின்ஸ் பகுதியிலிருந்த ஒரு சத்திரத்தில் தரைத்தள அறையைத்தான் எடுத்தார். 39 வயதில் அங்கேயே இறந்தார். எடை சுமார் 335 கிலோ. சன்னலையும் சுவரையும் இடித்து, சக்கரம் பூட்டிய சவப்பெட்டியில் உருட்டிச் சென்று, அருகிலுள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்றும் இருக்கிறது.

அடுத்தது சமையலறையோடு கூடிய வீடு. சைவக் குடும்பங்கள் முதலில் இதைத்தான் நினைக்கும். ஒரு வாரம் தங்குவதானால் நானும் இதையே சொல்வேன். மூன்று இரவுக்கு அது அவ்வளவு பொருந்தாது. பெரும்பாலான வீடுகளை வெள்ளி அல்லது சனிக்கிழமை தொடங்கித்தான் தருவார்கள். வாடகையோடு துப்புரவுக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று சேரும். பழைய வீடுகளில் வரவேற்பறையும் சமையலறையும் கீழே, படுக்கையறையும் குளியலறையும் மேலே என்பதே வழக்கமான அமைப்பு. அப்படியானால் இரவில் தண்ணீர் குடிக்க வருவதும் படிதான். இன்னொன்று, எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழும் நொடியில் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி தெருவே கேட்கும்படி அலறும். தாளிப்பதற்கு முன் சன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போட்டுவிடுங்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நெடுஞ்சாலையோர ஹோட்டலில் அகலமான படுக்கை, கார் நிறுத்த இடம், பெரும்பாலும் மின்தூக்கி எல்லாம் கிடைக்கும்; வாடகையும் குறைவு. ஆனால் ஏ1 சாலையோரத்தில் தங்கி, ஊருக்குள் வர ஒவ்வொரு முறையும் டாக்சி அழைப்பதென்றால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். சந்தை ஊரின் அழகு காலை ஏழு மணிக்கும், பகல்நேரப் பயணிகள் போன பிறகு மாலை ஆறு மணிக்கும்தான். அந்த நேரத்தில் ஊருக்குள் இல்லாவிட்டால் லெஸ்டரிலிருந்தே நாற்பது நிமிட ரயிலில் வந்து திரும்பிவிடலாமே.

ஆகவே என் தேர்வு, மகன் பட்டியலில் இல்லாத நான்காவது வகை: வடகரை மேட்டுப் பகுதியில், குடும்பத்தினரே நடத்தும் பி அண்ட் பி (படுக்கையும் காலை உணவும் தரும் வீடு) அல்லது சிறு விடுதியில் தரைத்தள அறை. அது கிடைக்காவிட்டால் சத்திர முற்றத்தின் தரைத்தள அறை, தென்கரையானாலும் பரவாயில்லை. பிராட் ஸ்ட்ரீட்டில் அமைந்தால் தெருப்பக்கம் வேண்டாம், பின்பக்கம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சந்தைக் கடைகளுக்குக் கம்பி இறக்கும் சத்தம் உங்களை எழுப்பிவிடும். மதுக்கடைக்கு மேலுள்ள அறைகள் மலிவாகத் தெரிந்தால், ஏன் மலிவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் மகனை ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தெருவிலிருந்து படுக்கை வரை மொத்தம் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்பது முதல் கேள்வி. குளியலறையில் நின்று குளிக்கும் தனி இடம் இருக்கிறதா, அல்லது தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டுமா என்பது இரண்டாவது. முழங்கால் வலிக்காரருக்குத் தொட்டியின் உயரமான விளிம்பு மாடிப்படியைவிட ஆபத்து. காலை உணவைப் பொறுத்தவரை, அங்கே சைவம் என்றால் முட்டை உண்டு என்று பொருள். முட்டையில்லாமல் என்று தனியாகச் சொன்னால் காளான், வதக்கிய தக்காளி, தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ், ரொட்டி என்று திருப்தியாகவே தருவார்கள். விசா வரும்வரை, திருப்பித் தரப்படாத சலுகைக் கட்டணத்தைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று: இணையத்தில் தேடும்போது ஊர்ப் பெயரோடு லிங்கன்ஷயர் என்ற மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள். வெறும் ஸ்டாம்ஃபோர்ட் என்று போட்டால் லண்டனில் செல்சி கால்பந்து அணியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்களும், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டும் முன்னால் வந்து நிற்கும்.